அமெரிக்கக் கடற்படை ரிசர்வின் முழுநேரப் பணி: 'டார்' வேலை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

அமெரிக்கக் கடற்படைக்குள் போக முழுநேரப் படை, பகுதிநேர ரிசர்வ் என்று இரண்டு வழிகள் இருப்பது பரவலாகத் தெரியும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பகுதிநேர ரிசர்வ் வீரர்களைத் தயார்நிலையில் வைத்திருப்பதையே முழுநேர வேலையாகச் செய்வது. இதற்கு டார் என்று பெயர். ரிசர்வுக்கான பயிற்சியும் நிர்வாகமும் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். நடுவில் சில ஆண்டுகள் எஃப்.டி.எஸ்., அதாவது முழுநேர ஆதரவு, என்று அழைத்தார்கள். 2021-இல் பழைய பெயரே திரும்பி வந்தது. பழைய கட்டுரைகளில் எஃப்.டி.எஸ். என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடுத்தவரின் கோப்பு, சம்பளம், தடுப்பூசி, பயண ஆணை ஆகியவற்றை ஒழுங்காக வைத்து, அவர் குறித்த நாளில் குறித்த இடத்தில் போய் இறங்கும்படி செய்வதில் உங்களுக்கு உண்மையான திருப்தி கிடைக்குமானால், ராணுவ வேலைகளிலேயே நிலையானதும் குடும்பத்துக்கு ஒத்துவருவதும் இதுதான். கடல், கப்பல், தொலைதூரத் துறைமுகம் என்ற கனவோடு வருகிறவர்கள் இதில் சேர வேண்டாம், மனம் நொந்து போவார்கள்.

ரிசர்வ் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நம் ஊர் டெரிடோரியல் ஆர்மி மாதிரி, வெளியில் ஒரு வேலை பார்த்துக்கொண்டே சீருடையும் போடுகிறவர்களின் படை. அமெரிக்கக் கடற்படையில் இது 1915 மார்ச் 3 அன்று சட்டப்படி தொடங்கியது. ரிசர்வ் வீரருக்கு ஆண்டுக்கு 48 ட்ரில் (பயிற்சி அமர்வு), அதோடு ஏறக்குறைய இரண்டு வார வருடாந்திரப் பயிற்சி. ஒரு ட்ரில் என்பது குறைந்தது நான்கு மணி நேரம். சனி காலை, சனி மதியம், ஞாயிறு காலை, ஞாயிறு மதியம் என்று ஒரு வார இறுதியில் நான்கு முடிந்துவிடும். மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்குப் பன்னிரண்டு. மீதி நாட்களில் அவர் செவிலியராகவோ, போலீஸ்காரராகவோ, மென்பொருள் பொறியாளராகவோ இருப்பார். மாதம் இரண்டு நாள் மட்டும் வருகிறவரின் சேவைப் பதிவை மற்ற நாட்களில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அந்த 'யாராவது'தான் டார். அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 12310-ஆம் பிரிவு இவர்களின் வேலையைச் சொல்கிறது: ரிசர்வை ஒழுங்கமைத்தல், நிர்வகித்தல், ஆள் சேர்த்தல், கற்பித்தல், பயிற்றுவித்தல். மொத்தம் சுமார் 10,000 பேர் இந்தப் பிரிவில் இருக்கிறார்கள்.

அதிகாரிகளில் யார் எந்த வகை என்பது அவர்களுடைய நான்கு இலக்க எண்ணிலேயே தெரிந்துவிடும். முழுநேரப் படையின் விமானி 1310. பகுதிநேர ரிசர்வ் விமானி 1315. டார் விமானி 1317. கடைசி இலக்கம் 7 என்றால் டார். பதவி உயர்வு வாரியங்களில் இந்த ஓர் இலக்கத்துக்கு இருக்கும் கனத்தைக் கீழே சொல்கிறோம்.

வேலை நடக்கும் இடங்களில் முதலாவது ரிசர்வ் சென்டர். 2021 வரை நோஸ்க் என்று அழைத்த அதே இடம். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உண்டு, கடலையே பார்க்காத மாநிலங்களிலும் உண்டு. முழுநேர ஊழியர்கள் பெரும்பாலும் பத்து இருபது பேருக்குள்தான் இருப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளும் ரிசர்வ் வீரர்களோ சில நூறு பேர். எழுத்தர் வேலைக்கு யோமன், சம்பளத்துக்கும் பணிப் பதிவுக்கும் பர்சனல் ஸ்பெஷலிஸ்ட், மருத்துவத்துக்குக் கார்ப்ஸ்மேன், சரக்குக்கு லாஜிஸ்டிக்ஸ் ஸ்பெஷலிஸ்ட், கணினிக்கு ஐ.டி. ஆள், மறுசேர்க்கை ஆலோசனைக்கு ஒரு கவுன்சிலர். தலைமை அதிகாரி பெரும்பாலும் லெப்டினன்ட் கமாண்டர் அல்லது கமாண்டர் நிலையில் இருப்பார். இந்த மையங்களுக்கு மேலே மண்டலத் தலைமையகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் ரிசர்வ் படைத் தலைமையகம்.

ட்ரில் சனிக்கிழமையை வைத்துத்தான் இந்த வேலையை எடைபோட வேண்டும். மற்ற நாட்களில் இது சாதாரண அலுவலகம். அன்று காலை மஸ்டர், அதாவது வருகைப்பதிவு, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊழியர்கள் வந்திருப்பார்கள். கதவு திறந்ததும் நேராக மருத்துவ அறையின் முன் வரிசை நீளும். கார்ப்ஸ்மேனின் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆண்டுக்கொரு முறை உடல்நல மதிப்பீடு, ஆண்டுக்கொரு முறை பல் பரிசோதனை, இரண்டு ஆண்டுக்கொரு முறை எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை. இவற்றில் ஒன்று காலாவதியானாலும் அந்த ஆள் 'தயார்' கணக்கில் வரமாட்டார். பல் விஷயம்தான் அதிகம் கழுத்தை அறுக்கும். பல் நிலையில் நான்கு வகுப்புகள். முதல் இரண்டும் சரி. மூன்றாம் வகுப்பு என்றால் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் அவசரச் சிகிச்சை தேவைப்படலாம் என்று பல் மருத்துவர் கருதுகிறார். நான்காம் வகுப்பு என்றால் பரிசோதனையே காலாவதி. நல்ல பல்லோடு இருக்கிறவர்கூட வெளியில் தன் சொந்தப் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் படிவத்தைக் கொண்டுவர மறந்தால் நான்காம் வகுப்பில்தான் கிடப்பார். தெரிந்த கார்ப்ஸ்மேன்கள் ட்ரில்லுக்கு மூன்று வாரம் முன்பே பட்டியல் எடுத்து ஒவ்வொருவராக அழைத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை வரிசையின் நீளத்தைப் பார்த்தாலே அந்த மையம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சம்பளமும் அப்படித்தான். ஒரு ட்ரில்லுக்கு மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு வார இறுதி வேலைக்கு நான்கு நாள் சம்பளம் என்று கணக்கு. ஆனால் வருகை பதிவாகி, சரிபார்க்கப்பட்டு, சம்பள அமைப்புக்குப் போனால்தான் பணம் வரும். யூனிட்டில் ஒருவர் கையெழுத்திட மறந்தால் நாற்பது பேருக்குச் சம்பளம் தள்ளிப்போகும். வராதவர் முன்கூட்டியே அனுமதி வாங்கினாரா, இல்லையா என்பதும் அன்றே பதிவாக வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் அனுமதியில்லாமல் ஒன்பது ட்ரில் தவறினால் ஒருவரைத் திருப்தியற்ற பங்கேற்பு என்று குறிப்பார்கள். ஒரு வார இறுதியில் நான்கு ட்ரில் என்பதால், இரண்டு வார இறுதியும் ஒரு காலையும் போனாலே ஒன்பது ஆகிவிடும். முன்பே அனுமதி பெற்று இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொண்டதை யோமன் தவறாகப் பதிந்தால், குற்றம் செய்யாத ஒருவரின் வாழ்க்கைத்தொழிலில் கறை விழும். இந்தப் பொறுப்பின் எடை இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

ஆர்டர், அதாவது பயண ஆணை, எழுதுவதில்தான் உண்மையான தலைவலி. வருடாந்திரப் பயிற்சிக்கு ஒருவரை சான் டியாகோவுக்கோ ஜப்பானில் யோகோசுகாவுக்கோ அனுப்ப வேண்டுமென்றால், என்ரோஸ் என்ற மென்பொருளில் விண்ணப்பம் ஏறி, யூனிட், மையம், நிதி என்று ஒவ்வொரு படியாக ஒப்புதல் வாங்கி மேலே போக வேண்டும். நடுவில் எங்கே நிற்கும் என்பதை அனுபவசாலிகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். உடல்நல மதிப்பீடு பயணத்தின் நடுவில் காலாவதியாகும். பாதுகாப்பு அனுமதியின் பதிவு பழைய யூனிட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அரசு பயண அட்டை நெடுநாள் பயன்படுத்தாததால் முடக்கப்பட்டிருக்கும். விமான டிக்கெட் எடுக்கும் அன்றுதான் அது தெரியவரும். பயண அட்டையைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே உயிர்ப்பித்துப் பார்த்துவிடுவது நல்ல மையங்களின் வழக்கம். திரும்பி வந்ததும் ஐந்து வேலை நாளுக்குள் பயணக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வீரர் மறந்தால் அட்டை பாக்கி ஏறும், பாக்கி ஏறினால் அடுத்த பயணம் நிற்கும். அவரை விரட்டி வாங்குவதும் உங்கள் வேலைதான்.

இதற்கு மேல் நாட்காட்டி வேறு. அமெரிக்க அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-உடன் முடிகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் மீதிப் பயிற்சி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். அக்டோபரில் நாடாளுமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் தற்காலிக நிதியில் சொட்டுச் சொட்டாகத்தான் பணம் வரும். 2013 அக்டோபரில் அரசு முடங்கியபோது ரிசர்வ் ட்ரில் வார இறுதிகளே தள்ளிவைக்கப்பட்டன. அந்த நாட்களில் தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முழுநேர ஊழியர்கள்தான்.

விளம்பரத்தில் பெரிதாக வராத, ஆனால் இந்த வேலையின் உயிர்நாடி என்று நாங்கள் கருதும் கடமை ஒன்று உண்டு. இறந்த படைவீரர்களுக்கு இறுதி மரியாதை. 2000-ஆம் ஆண்டிலிருந்து, தகுதியுள்ள முன்னாள் படைவீரரின் குடும்பம் கேட்டால் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். குறைந்தது இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது இறந்தவரின் படையைச் சேர்ந்தவர். கடற்படைத் தளம் இல்லாத ஊர்களில் அந்த இருவர் பெரும்பாலும் ரிசர்வ் சென்டரிலிருந்துதான் போகிறார்கள். தொண்ணூறு வயதில் இறந்த ஒரு பெரியவர் ஏதோ ஒரு சிற்றூர் மயானத்தில் கிடத்தப்பட்டிருப்பார். அவருடைய கப்பலின் பெயர்கூடப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. சீருடையில் இருவர் வந்து நிற்பார்கள்.

சவப்பெட்டி மேல் போர்த்தும் கொடி ஐந்தடி அகலம், ஒன்பதரை அடி நீளம். முதலில் நீளவாக்கில் இரண்டு மடிப்பு. பிறகு கோடுகள் உள்ள முனையிலிருந்து முக்கோண மடிப்புகள். மொத்தம் பதின்மூன்று. முடிவில் நீலப் பரப்பும் நட்சத்திரங்களும் மட்டும் வெளியே தெரிய வேண்டும். சிவப்பு ஓரம் ஒரு நூல் அளவு தெரிந்தாலும் தப்பு. தப்பு நடப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மடிப்பில்தான். இருவரும் கொடியைச் சரியாக இழுத்துப் பிடிக்காவிட்டால் நடுவில் தொய்வு விழும். அந்தத் தொய்வு ஒவ்வொரு முக்கோணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசியில் சொருக வேண்டிய நுனி கோணலாகி நிற்கும். மழையில் நனைந்த பருத்திக் கொடி கனத்துப்போய் இன்னும் படுத்தும். 'டாப்ஸ்' என்ற 24 சுர இசையை வாசிக்க உண்மையான பியூகிள் (ஊதுகொம்பு) கலைஞர் கிடைப்பது அரிது. பியூகிளின் வாய்க்குள் ஒலிக்கருவி பொருத்தப்பட்ட ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுத்துப்போகிறார்கள். பொத்தானை அழுத்தி, சில விநாடிகள் கழித்து இசை தொடங்கும். அதற்குள் பியூகிளை உதட்டில் வைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். கிளம்பும்போது பேட்டரியைச் சோதிக்காமல் போனால் ஒரு குடும்பத்தின் கடைசி நினைவு நாசமாகும். கடைசியில் மண்டியிட்டு, கொடியை இரு கையாலும் நீட்டி, குடியரசுத் தலைவர், கடற்படை, நன்றியுள்ள நாடு ஆகியோர் சார்பில் என்று தொடங்கும் வாசகத்தை அந்த மனைவியின் கண்ணைப் பார்த்துத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். சில மையங்களில் வாரத்துக்குப் பல முறை இது நடக்கும். மனசைப் பிழியும் வேலை. ஆனால் கடற்படை தன்னவர்களை மறப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி கிடையாது. இந்தக் கடமை இல்லாமல் டார் வேலையை வெறும் அலுவலக வேலை என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது பணியிடம் விமானப் படையணிகள். பறக்கவோ விமானத்தில் கைவைக்கவோ ஆசைப்படுகிறவர்களுக்கு டார் பிரிவின் சிறந்த பகுதி இது. கடற்படையின் சொந்தச் சரக்கு விமானப் போக்குவரத்தைச் சுமப்பது ரிசர்வின் வி.ஆர். படையணிகள்தான். அவற்றின் தலைமையகம் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில். முக்கியமான விமானம் சி-40ஏ கிளிப்பர், அதாவது போயிங் 737-700-இன் சரக்கு வடிவம். 121 பயணிகளையோ, சரக்கை அடுக்கிக் கட்டும் பலகைகள் எட்டையோ, 70 பயணிகளும் மூன்று பலகையும் சேர்த்தோ ஏற்றலாம். இதற்கான பலகை 88 அங்குலத்துக்கு 108 அங்குலம். டிரான்சிட்டில் இருக்கும் ஒரு படையணியின் ஆட்களையும் பெட்டிகளையும் ஒரே பயணத்தில் கொண்டுபோவது இந்தக் கலவை அமைப்பால்தான் முடிகிறது. எடைச் சமநிலைக் கணக்கைப் போடும் ஆள் பலகைகளின் உண்மையான எடையை வாங்காமல், அனுப்பியவர் தோராயமாக எழுதிய எடையை நம்பினால் கடைசி நேரத்தில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டிவரும். இங்கே பகுதிநேர ரிசர்வ் விமானிகள் பலர் வெளியில் பயணிகள் விமான நிறுவனங்களில் பறக்கிறவர்கள். அவர்கள் வருவதும் போவதுமாக இருக்க, அட்டவணையையும் பராமரிப்பையும் தினமும் தாங்குவது டார் ஆட்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ரிசர்வ் ஃபிரிகேட் கப்பல்களில் டார் மாலுமிகள் கடலுக்குப் போனார்கள். பெர்ரி வகையைச் சேர்ந்த கடைசிக் கப்பல் 2015-இல் ஓய்வு பெற்றது. பழைய கட்டுரைகளை நம்பிக் கடல் வாழ்வை எதிர்பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி பணக் கணக்கு. டார் ஊழியருக்கு முழுநேரப் படையின் அதே சம்பளப் பட்டியல், அதே வீட்டுப்படி, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு, பிரீமியம் இல்லாத மருத்துவக் காப்பு. பெரிய வித்தியாசம் ஓய்வூதியத்தில். 2018 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 2 சதவீதம். டார் ஊழியர் இருபது ஆண்டு முடித்தால் 40 சதவீதம், ஓய்வு பெற்ற மாதத்திலிருந்தே. பகுதிநேர ரிசர்வ் வீரருக்குப் புள்ளிக் கணக்கு: ஆண்டுக்கு உறுப்பினர் புள்ளி 15, ட்ரில் 48, வருடாந்திரப் பயிற்சி 14, ஆக 77. இருபது ஆண்டில் 1,540 புள்ளி. அதை 360-ஆல் வகுத்தால் 4.28 ஆண்டு. 2 சதவீத வீதத்தில் ஏறக்குறைய 8.6 சதவீதம். அதுவும் பொதுவாக 60 வயதில்தான் கைக்கு வரும். உதாரணத்துக்குக் கடைசி மூன்று ஆண்டுச் சராசரி மாத அடிப்படைச் சம்பளம் 4,500 டாலர் என்று வைத்துக்கொண்டால், டார் ஊழியருக்கு உடனே மாதம் 1,800 டாலர். ரிசர்வ் வீரருக்கு அறுபதில் மாதம் 385 டாலர். இதோடு சேமிப்புத் திட்டத்தில் அரசு சேர்க்கும் பங்கு அதிகபட்சம் அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம். அதை முழுவதும் வாங்க நீங்களும் 5 சதவீதம் போட வேண்டும். சிலர் அதைவிடக் குறைவாகப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். கையில் வருவதைத் தள்ளிவிடுவது போலத்தான் இது.

ஆனால் ரிசர்வ் வீரருக்கு வெளிச் சம்பளம் உண்டு, உங்களுக்குக் கிடையாது என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

குறைகளில் முதலாவது தனிமை. மையம் பெரும்பாலும் தளமில்லாத ஊரில் இருக்கும். மலிவு விலைப் படைக்கடை கிடையாது. ராணுவ மருத்துவமனை 50 மைலுக்கு மேல் என்றால் 'பிரைம் ரிமோட்' திட்டத்தில் ஊர் மருத்துவர்களிடம் போக வேண்டும். அதை ஏற்கும் குழந்தை மருத்துவரைக் கண்டுபிடிப்பதே சில ஊர்களில் சிரமம். புதிய ஊருக்கு மாற்றல் வந்ததும் முதல் வாரத்திலேயே இந்தப் பதிவை முடித்துவிடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த பிறகு தேடினால் கண்ணைக் கட்டி விட்டதுபோல் இருக்கும்.

இரண்டாவது, பதவி உயர்வு. உங்கள் போட்டி டார் பிரிவுக்குள்தான். சின்னப் பிரிவுகளில் ஒரு தேர்வுச் சுற்றில் மேல்நிலைக்கு ஓரிரு இடமே வரலாம், வராமலும் போகலாம். நல்ல மதிப்பெண் வாங்கியும் காத்திருக்க வேண்டிவரும். அதிகாரிகளுக்கு அந்த 7-ஆம் இலக்கம் இங்கே கடிக்கும். மேலே போகப்போக இடங்கள் விரைவாகச் சுருங்கும்.

மூன்றாவது, வார இறுதி. ட்ரில் வார இறுதிக்குப் பதிலாக வாரநாளில் விடுப்பு கிடைக்கும். ஆனால் பிள்ளைகளின் பிறந்தநாள், கோயில் திருவிழா, ஊர்ச் சங்கத்துப் பொங்கல் விழா எல்லாம் சனி ஞாயிறில்தான் வரும். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் இதை முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

சேரும் வழி. புதிதாக நேரடியாகவும் சேரலாம். முழுநேரப் படையிலோ பகுதிநேர ரிசர்விலோ இருப்பவர் மாறியும் வரலாம். அதிகாரிகளுக்கு மாறுதல் வாரியம் உண்டு. இடமில்லாத பிரிவுக்கு விண்ணப்பித்தால் எவ்வளவு நல்ல பதிவும் பயன்படாது என்பதால், முதலில் காலி இடத்தைத்தான் கேட்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் சிப்பாய் நிலையில் சேரலாம். ஆனால் பாதுகாப்பு அனுமதி வேண்டிய பிரிவுகளுக்கும் அதிகாரி பதவிக்கும் குடியுரிமை கட்டாயம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வழியில்லை. வெளி வேலையை விட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய முதலாளி வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்புக்குப் பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுதான் வரம்பு. டாரில் ஒரு பணிக்காலம் தாண்டி இரண்டாவதில் கால் வைத்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். தயக்கம் இருந்தால் பகுதிநேர ரிசர்வில் இருந்துகொண்டே ஓராண்டு முழுநேர ஆர்டரில் ஒரு மையத்தில் வேலை செய்து பார்க்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்பு அருகிலுள்ள மையத்துக்கு ஒரு ட்ரில் சனிக்கிழமை காலையில், அனுமதி கேட்டு, போய்வாருங்கள். அங்கிருக்கும் முழுநேரத்தாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிரிவில் கடந்த மூன்று தேர்வுச் சுற்றில் டாருக்கு எத்தனை இடம் வந்தது? இந்த மையத்தில் மாதம் எத்தனை இறுதி மரியாதை? இப்போது மூன்றாம், நான்காம் பல் வகுப்பில் எத்தனை பேர், அவர்களை அழைப்பது யார்? கடைசிக் கேள்விக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பதில் சொன்னால், அந்த மையத்தைக் கேட்டு வாங்குங்கள்.